பாடநெறி விதிகளைப் படித்த பின் மகனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, உன் செய்நிரலாக்கப் பாடநெறி விதிகளை ஆறுதலாகப் படித்தேன். "இது பல்கலைக்கழகமா, பொலிஸ் நிலையமா?" என்று கீழே எழுதியிருந்தாய். பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிற ஒருத்தியிடம் அப்படிக் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும். தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கணினிக்கு நிரல் எழுதப் பழக்கும் ஆரம்பச் செய்நிரலாக்கப் பாடத்தில் பிள்ளைகள் தவறுவது உங்கள் பீடத்தில் மட்டும் நடப்பதல்ல. 2007 இல் பென்னட்சன், காஸ்பர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் விசாரித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தப் பாடத்தில் சித்தியடையவில்லை என்று தெரிந்தது. 2014 இல் வேறு இருவர் தேடியபோதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இவர்கள் மண்டையில் ஒன்றுமில்லாதவர்கள் அல்லர். இந்தப் பாடம் அடுக்கடுக்காக ஏறுகிறது. 'இப்படியென்றால் இதைச் செய்' என்கிற நிபந்தனைக் கூற்று விளங்காதவனுக்கு அடுத்த வாரம் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்விக்கும் வளையம் விளங்காது, அதற்கடுத்த வாரம் ஒரு வேலையைத் தனியே பெயரிட்டு எழுதும் சார்பு விளங்காது. வரலாறு என்றால் கடைசிக் கிழமை விழித்திருந்து பாடமாக்கலாம், இதில் அந்த வித்தை செல்லாது. வாராவாரம் ஒப்படை, பிந்தினால் நாளொன்றுக்கு 10 புள்ளி குறைப்பு என்பதெல்லாம் அதற்காகத்தான்.

ஒப்படைக்குக் கடைசி நேரம் ஞாயிறு இரவு 11.59 என்று போட்டிருக்கிறார்கள். ஊருக்கு வந்துவிட்டு இரவு ரயிலில் திரும்பும்போது அனுப்பலாம் என்று கனவிலும் நினைக்காதே. வெலிக்கந்தைப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். மிகக் குறைந்த புள்ளி பெற்ற ஒரு ஒப்படையைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்றும் இருக்கிறது, கவனித்தாயா? அந்தச் சலுகையை வடகீழ்ப் பருவமழைக்கு வைத்திரு. மன்னம்பிட்டியில் வெள்ளம் வீதியை மூடினால் அது உதவும். கிரிக்கெட் பார்த்த இரவுக்கு அதைச் செலவழித்துவிடாதே.

இனி உன் பெரிய குழப்பம். "கலந்துரையாடலாம், ஆனால் நிரலைப் பகிரக் கூடாது" என்ற வரி. நீ குழம்புவதில் நியாயம் உண்டு. இங்கே நீங்கள் ஒரே கொப்பியைச் சுற்றியிருந்து கணக்குச் செய்து வளர்ந்தவர்கள். கொப்பியைக் காட்டாதவனுக்குத்தான் கெட்ட பெயர். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒரே தண்டனை என்று அங்கே எழுதியிருப்பது உனக்கு அநியாயமாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பார் மகன். இரண்டு எண்களைக் கேட்டுக் கூட்டும் செய்நிரல் ஒன்று எழுதுகிறாய். 10, 5 என்று கொடுத்தால் 105 வருகிறது. பைதன் மொழியில் இன்புட் என்ற கட்டளை வாங்கித் தருவது எழுத்துச் சரம், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை, எண் அல்ல. கூட்டல் குறி அந்த இரண்டு சரங்களையும் ஒட்டிவிடுகிறது. திரையை முறைத்து முறைத்துப் பார்த்து இதைத் தானே கண்டுபிடித்தவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான். கூட்டாளியின் நிரலிலிருந்து, சரத்தை எண்ணாக்கும் 'இன்ட்' என்பதைப் பார்த்து ஒட்டியவனுக்கு அது அங்கே ஏன் இருக்கிறது என்றே தெரியாது. வாவிக்கரையில் நின்று எத்தனை பேர் வீச்சுவலை எறிவதைப் பார்த்தாலும் உன் கையில் வலை விரியாது அல்லவா?

ஆகவே நண்பர்களோடு தாளில் கிறுக்கிப் பேசு, தமிழிலேயே பேசு, சண்டையும் பிடி. பேசி முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு தேநீர் குடித்த பிறகு தனியே உட்கார்ந்து எழுது. அப்போது வருவது உன்னுடையது.

நிரலில் மதிப்புகளைச் சேமிக்கும் மாறிகளின் பெயரை மாற்றி, விளக்கத்துக்கு எழுதிய குறிப்புரைகளை அழித்துவிட்டால் கொப்பியடித்தது பிடிபடாது என்று உன் விடுதியில் எவனாவது சொல்வான். 1994 இல் அலெக்ஸ் எய்க்கன் உருவாக்கிய மொஸ் என்ற மென்பொருள் பெயர்களையும் இடைவெளிகளையும் பொருட்படுத்துவதில்லை. நிரலின் அமைப்பைத்தான் ஒப்பிடுகிறது. எங்கே ஒத்துப்போகிறது என்று மட்டும் அது காட்டும், களவா இல்லையா என்று தீர்ப்பது விரிவுரையாளர். அவர் கூப்பிட்டு எந்த வரியையும் விளக்கச் சொல்லலாம் என்று உன் விதியிலும் இருக்கிறது. ஓடாத நிரலென்றாலும் உன்னுடையதை நேரத்துக்குக் கொடுத்துவிடு. பாதிப் புள்ளி வாங்கினால் இந்த வீட்டில் ஒருவரும் உன்னை ஏசமாட்டோம்.

சாட்ஜிபிடி பற்றியும் கேட்டிருந்தாய். அது 2022 நவம்பரில் வெளிவந்தது. பயிற்சி வினாக்கள் தயாரிக்க நானே அதைப் பயன்படுத்துகிறேன், ஆகவே அதைப் பேய் பிசாசு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது தரும் விடை சரியா என்று பார்க்கத் தெரிந்தவளாகத்தான் நான் அதனிடம் போகிறேன். உங்கள் இறுதிப் பரீட்சைக்கு 60 புள்ளி, அதுவும் தாளிலும் பேனையிலும். இடைப்பரீட்சை வரை அதைத் தொடக்கூடாது என்று அவர்கள் விதித்திருப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

எனக்குப் பிடிக்காத விதி ஒன்றும் உண்டு. விரிவுரைக்கு வந்து உட்கார்ந்ததற்கு 5 புள்ளியாம். பின்வரிசையில் தூங்குகிறவனுக்கும் அதே 5 புள்ளிதானே? அது போகட்டும். 80 வீத வரவு என்பது அப்படியல்ல, அது குறைந்தால் பரீட்சைக்கே தோற்ற முடியாது. மருத்துவச் சான்றிதழைத்தான் ஏற்பார்கள், மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வந்தேன் என்றால் ஏற்கமாட்டார்கள். ஆடி அமாவாசையன்று அந்தத் தீர்த்தத்துக்கு வருவதென்றால் முதலில் எத்தனை வகுப்பு மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்.

மாணவரைச் சந்திக்கும் நேரம் என்று செவ்வாய் பின்னேரம் குறித்திருக்கிறார்கள். போ. தமிழில் படித்துவிட்டு வந்தவன், ஆங்கிலம் தடுமாறும் என்ற கூச்சத்தில் கதவுக்கு வெளியே நிற்காதே. நிரலையும், பிழை வந்தால் கணினி காட்டும் வழுச் செய்தியையும் அச்செடுத்துக்கொண்டு போ. பைதன் காட்டும் செய்தியில் கடைசி வரியை முதலில் படி, என்ன வழு என்று அங்கேதான் இருக்கும். என்ன வரும் என்று எதிர்பார்த்தாய், என்ன வந்தது என்ற இரண்டையும் சொன்னால் போதும். அதற்கு மேல் இலக்கணம் தேவையில்லை.

உயர்தரத்துக்கு நீ எழுதி வைத்த செய்நிரல்களை ஒப்படைக்கு மீண்டும் பயன்படுத்தலாமா என்பது அந்தப் பக்கங்களில் எங்கும் இல்லை. அதைத் திங்கட்கிழமையே விரிவுரையாளரிடம் மின்னஞ்சலில் கேள். வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதே, பதில் எழுத்தில் இருக்க வேண்டும். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது. அப்பா இந்த மாதக் காசை நேற்று உன் கணக்கில் போட்டுவிட்டார்.

அன்புடன்,
அம்மா