ஹெட்போன் விலையை ஆண்டுக்கணக்கில் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் உயர்விலை ஹெட்போன்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் விலையைப் போட்டு, பக்கத்திலேயே மதிப்பெண்ணும் போட்டிருந்தீர்கள். விலை ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் பல வருடமாக ஒலி எடிட்டிங் செய்கிறேன். காலையில் ஹெட்போனைத் தலையில் மாட்டினால் சாப்பாட்டுக்கும் டீக்கும்தான் கழற்றுவேன்.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 600. 1997-ல் வந்த மாடல், இன்றும் விற்பனையில் இருக்கிறது. நான் 2008-ல் வாங்கினேன், 20,000 ரூபாய்க்குச் சற்று மேல். அன்றைக்கு அது எனக்குப் பெரிய தொகை. இத்தனை வருடத்தில் காதில் உட்காரும் பேடை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன், வயரை ஒரு தடவை. வயர் போனது இப்படித்தான்: இடது காதில் திடீரென்று சத்தம் விட்டுவிட்டு வந்தது. வயரைத் தொட்டு ஆட்டினால் கரகரப்பு. அதைக் கப்பிலிருந்து பிடித்து இழுத்தேன், இரண்டு பின்னோடு வந்துவிட்டது. ஒரு பின் தடிமன், இன்னொன்று மெல்லிசு, மாற்றிச் செருகவே முடியாது. புது வயர் வந்ததும் செருகினேன், வேலை முடிந்தது. ஸ்க்ரூ டிரைவர்கூட எடுக்கவில்லை.

பேடும் அப்படித்தான். விரலால் இழுத்தால் கழன்றுவிடும், புதியதை வைத்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். பழைய பேடையும் புதியதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது பாதி உயரம்கூட இல்லை. பேட் தட்டையாகிவிட்டால் காது உள்ளே நெருங்கிப் போகிறது, சத்தமும் மாறுகிறது. தினமும் கேட்பதால் அது நமக்குத் தெரிவதே இல்லை, புதுப் பேட் போட்ட அன்றுதான் தெரிந்தது. 2022-ல் அந்த நிறுவனத்தின் நுகர்வோர் பிரிவு சுவிட்சர்லாந்தின் சோனோவா நிறுவனத்தின் கைக்குப் போனபோது, இனி பாகங்கள் கிடைக்குமா என்று உண்மையிலேயே பயந்தேன். அதற்குப் பிறகும் பாகங்களை வாங்கிவிட்டேன்.

இப்போது என் மைத்துனர் கதை. 35,000 ரூபாய் கொடுத்து ஒரு பெரிய கம்பெனியின் வயர்லெஸ் ஹெட்போன் வாங்கினார். சத்தம் அருமையாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். நான்கு வருடத்தில் பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், "இதில் பேட்டரி மட்டும் மாற்ற முடியாது சார், பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினால் தள்ளுபடி தருகிறோம்" என்கிறார்கள். கணக்குப் போட்டால் மாதம் 700 ரூபாய்க்கு மேல் ஆகிறது. என்னுடையது பேட், வயர் எல்லாம் சேர்த்தும் மாதம் 200 ரூபாயைத் தாண்டவில்லை. இந்தக் கணக்கு உங்கள் கட்டுரையில் எங்குமே இல்லை.

சரி, விலை கூடினால் சத்தமாவது நன்றாக இருக்குமா? 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். தாழ்ந்த சுருதியிலிருந்து உச்ச சுருதிவரை எந்த ஒலியை எவ்வளவு தருகிறது என்ற அளவீட்டுக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவர் கண்டது. விலை என்பது எப்படி அமைகிறது என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். அதே சென்ஹைசரின் எச்.டி. 650 என்ற மாடலை, நிறத்தைக் கருநீலமாக்கி, வயரைக் குட்டையாக்கி, 2016-ல் மாஸ்டிராப் என்ற அமெரிக்க இணைய விற்பனைத் தளம் மூலம் எச்.டி. 6எக்ஸ்எக்ஸ் என்று 199 டாலருக்கு விற்றார்கள். அசல் விலை அதைவிட வெகு அதிகம்.

விலை உயர்ந்ததில் விஷயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நண்பர் வீட்டில் லட்ச ரூபாயைத் தாண்டிய ஒரு பிளானர் (மெல்லிய தட்டைப் படலம் அதிர்ந்து ஒலி தரும் வகை) ஹெட்போனில் கச்சேரி ஒன்றைக் கேட்டேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கை விழுந்து, அந்தக் கும்காரம் எழும்பி அடங்குவதுவரை தனியாகக் கேட்டது. மனசு அதிலேயே நின்றுவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து அதே கச்சேரியை என்னுடையதில் போட்டபோது, அந்தக் கும்காரம் இதிலும் இருந்தது, கொஞ்சம் மங்கலாக. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் ஐந்து மடங்கு விலை. கையில் பணம் இருப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டிய வித்தியாசம் அல்ல.

கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டை மாற்றி மாற்றிக் கேட்கும்போது, எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லும். வால்யூமை இரண்டுக்கும் ஒன்றுபோல வைத்துவிட்டு, நன்றாகப் பழகிய ஒரு பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும். அப்புறம், என்னுடையதன் மின்தடை 300 ஓம், அதாவது அதிகம். போனில் நேராகச் செருகினால் சத்தம் போதாது, ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் கருவி ஒன்று வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கட்டுரையில் அதுவும் விடுபட்டிருக்கிறது.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு ஹெட்போனுக்குக் கீழும் மூன்று விவரங்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: மாற்றுப் பேட் என்ன விலை, வயரையோ பேட்டரியையோ மாற்ற முடியுமா, சர்வீஸ் எந்த ஊரில். கடைக்காரரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். சொல்லத் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாலிகிராமம், சென்னை