இஸ்திரி அண்ணனுக்கும் எங்களைத் தாங்கிய எல்லாருக்கும்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். கடலூரில் எங்களுக்குக் கிடைத்த புது உறவுகளுக்கு வணக்கம்.

2024 டிசம்பர் 2-ம் தேதி பெண்ணையாற்று வெள்ளம் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்த செய்தியைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் எங்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்பது போனில் சார்ஜ் ஏறிய பிறகுதான் தெரிந்தது. நாங்கள் நால்வரும் சுகம். குண்டுஉப்பலவாடி வீட்டில் சேறு வாரி முடித்துவிட்டோம். மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. எழுதுவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்வராயன் மலையிலிருந்து மாற்றலாகி, பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில்தான் இங்கே வந்தோம். புதுப் பணித்தளம். மலையில் எந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்றுகூட எங்களுக்குத் தெரியும். இங்கே பால்காரர் ஒருவரைத் தவிர யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'சர்ச் வீடு' என்றார்கள், அவ்வளவுதான். வாடகைக்கு வீடு தேடியபோது ஊழியக்காரர் என்றதும் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. ஜெபக் கடிதங்களில் இதையெல்லாம் நான் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் கவலைப்படுவீர்கள்.

எங்கள் தெருமுனையில் புங்கமரத்தடியில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வெள்ளத்துக்கு முன் அவருக்கும் எங்களுக்கும் இருந்த பேச்சு இத்தனை சட்டை, இத்தனை வேட்டி என்பதோடு சரி. இந்த மடலே அவருக்காகத்தான்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று, மகளின் புத்தகப் பை கட்டிலுக்கடியில் கிடந்தது. அவள் பத்தாம் வகுப்பு. பாடப்புத்தகம் போனால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஜூனிலிருந்து அவள் கையால் எழுதி வைத்த நோட்டுகளை யார் தருவார்கள்? ஏடெல்லாம் ஊறிய அவல்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிள்ளை அழவில்லை, பேசவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் பாட்டுக்கு நோட்டுகளைக் கைப்பிடிச் சுவரில் விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வண்டியைக் கழுவிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனவர் நின்றார்.

"வெயில்ல வைக்காதீங்கம்மா, ஏடு முறுக்கிக்கும். இப்படிக் கொண்டாங்க. பாப்பா எத்தனாவது?"

பத்தாவது என்றதும் வேறொன்றும் கேட்கவில்லை. அவருடைய கரி மூட்டை முழுக்க நனைந்துபோயிருந்தது. பக்கத்து மாடிவீட்டில் கொட்டாங்கச்சி வாங்கி வந்து நெருப்பு மூட்டினார். பெட்டி சூடேறியதும் ஈரச் சாக்கில் தேய்த்துத் தேய்த்துச் சூட்டைக் குறைத்தார். நோட்டுகளை முதலில் நிமிர்த்தி வைத்துத் தண்ணீரை வடியவிட்டார். பிறகு ஒவ்வொரு ஏடாகப் பிரித்து, மேலும் கீழும் பழைய வேட்டித் துணி வைத்து, அழுத்தாமல் பெட்டியை ஓட்டினார். அட்லஸ் மாதிரி பளபளப்புத் தாளைத் தொடவே இல்லை. "இது சூடு பட்டா ஒட்டிக்கும், நிழல்லயே காயட்டும்" என்றார். காய்ந்த நோட்டுகளை அடுக்கி மேலே செங்கல் வைத்தார், ஏடு நெளியாமல் இருக்க.

இதெல்லாம் எப்படி அண்ணே தெரியும் என்று கேட்டேன். 2011-ல் தானே புயல் அடித்தபோது ஊரே பட்டாவையும் பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் அவரிடம்தான் கொண்டுவந்ததாம். ஒன்றிரண்டைக் கருக்கித்தான் கற்றுக்கொண்டேன் என்றார்.

அந்த நாளில் தெருவுக்கே அவர் வேண்டியிருந்தது. துவைத்த துணி எந்த வீட்டிலும் காயவில்லை, சீருடைகள் வரிசையில் காத்திருந்தன. அவருக்கு அது சம்பாத்தியத்துக்கான நேரம். கேட்டவர்களுக்கெல்லாம் "பொண்ணு பத்தாவதுங்க" என்று ஒரே பதில். யாரும் முணுமுணுக்கவில்லை. துணியோடு வந்த ஒரு பாட்டி உட்கார்ந்து ஒட்டிய ஏடுகளை விரல் நகத்தால் பிரித்துக் கொடுத்தார். இருட்டும்வரை நடந்தது, மறுநாளும் நடந்தது. ஸ்கெட்ச் பேனாவில் போட்ட உயிரியல் படங்கள் கலைந்துவிட்டன. பால்பாயின்ட் எழுத்து நின்றது. கணக்கு நோட்டில் ஒரு வரிகூடப் போகவில்லை. மகள் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அழுதாள். என் கணவரின் பிரசங்கக் குறிப்புகள் போனது போனதுதான். அதற்கு நாங்கள் யாரும் வருந்தவில்லை.

பணம் நீட்டினேன். "துணிக்குத்தாம்மா கூலி. இதுக்கெல்லாம் ரேட்டு வச்சிருக்கேனா?" என்றார். அவருடைய வீட்டுக்குள் அப்போதும் முழங்கால் சேறு இருந்தது என்பதைப் பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொல்லித்தான் அறிந்தோம். அன்று சாயங்காலம் என் கணவரும் மகனும் மண்வெட்டியோடு அங்கே போனார்கள்.

எங்களைப் படகில் ஏற்றிய மீனவத் தம்பிகளே, பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தவர்களே, எலுமிச்சைச் சோறும் பாலும் ரொட்டியும் கொண்டுவந்த பள்ளிவாசல் பிள்ளைகளே, மஞ்சக்குப்பத்து சபையாரே, இரவில் கம்பத்தில் ஏறிய மின்வாரியத் தொழிலாளர்களே, சேற்றை அள்ளிய தூய்மைப் பணியாளர்களே, திருநெல்வேலியிலிருந்து போர்வை அனுப்பிய ஜெபக்குழுத் தாய்மாரே, உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மடல் எழுத வேண்டும். இப்போதைக்கு இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்கு மிஷனரிகள் புதியவர்கள் அல்ல. 1740-ல் இங்கே வந்த சுவீடன்காரர் கீர்நாண்டர், 1758-ல் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தபோது ஊரைவிட்டு வெளியேறி, தரங்கம்பாடி போய், அங்கிருந்து கல்கத்தா சென்றார். அவர் கட்டியதையும் கற்பித்ததையும் படித்திருக்கிறேன். இப்போது வேறொன்றை யோசிக்கிறேன்: அவருக்கு இந்தக் கரையில் முதல்முதலாக யார் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள்? வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியைக் கர்த்தர் சாறிபாத் என்ற ஊருக்கு அனுப்பியபோது, போய்ப் பிரசங்கி என்று சொல்லவில்லை. உன்னைப் பராமரிக்க அங்கே ஒரு விதவைக்குக் கட்டளையிட்டேன் என்றார். அவள் இஸ்ரவேல் பெண்ணும் அல்ல. அந்த அதிகாரத்தை எத்தனையோ முறை பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். இந்த மாதம்தான் அது என் வீட்டு வாசலுக்கு வந்தது. அண்ணன் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறவர். அவர் கையால்தான் எங்களுக்கு ஒத்தாசை வந்தது. அதை மேடையிலும் சொல்வேன்.

நானும் என் கணவரும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை 6 மணி முதல் 8 மணி வரை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வந்து படிக்கலாம். கணக்கும் அறிவியலும் நான் பார்த்துக்கொள்வேன், ஆங்கிலம் அவர். அந்த இரண்டு மணி நேரம் படிப்பு மட்டும்தான், ஜெபக்கூட்டம் அல்ல. இதைப் பெற்றோர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டோம். அண்ணனின் மகன் ஒன்பதாம் வகுப்பு, அவனும் வருகிறான்.

என்ன அனுப்பட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். துணி போதும், அரிசியும் இருக்கிறது. கோடு போட்ட நீள நோட்டு, கிராஃப் தாள், ஜியோமெட்ரி பாக்ஸ், பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்கள் அனுப்புங்கள். உங்கள் பிள்ளைகள் போன வருடம் எழுதிய நோட்டுகள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் அதையும் சேர்த்து அனுப்புங்கள். இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் நோட்டு தப்பவில்லை.

கடலூரிலிருந்து,
உங்கள் சகோதரி