செயலாளரின் ஆண்டறிக்கை: நீலப்பூ விவகாரமும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, சங்க உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மழையால் கார்த்திகைக் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது நீலப்பூதான். லண்டனிலும் சுவிசிலும் உள்ள பிள்ளைகளின் வளவில் வருடா வருடம் துளிர்த்துப் பூக்கும் பல்லாண்டுக் கோர்ன்பிளவர் என்ற அந்த நீலப்பூச் செடியைப் பார்த்து ஆசைப்பட்டு, மட்டக்களப்பின் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் சில உறுப்பினர்கள் விதை போட்டார்கள். முளைக்கத்தான் செய்தது. மாரி ஈரத்தில் இலையில் வெண்பூஞ்சணம் பிடித்தது. தப்பியவை பங்குனி வெயிலில் சுருண்டன. தென்மேற்குப் பருவத்தில் வீசும் வறண்ட கச்சான் காற்றைப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

எருப் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று கூட்டத்தில் நீண்ட வாக்குவாதம். என் அபிப்பிராயம் வேறு. அது ஐரோப்பிய மலைப் புல்வெளிச் செடி. பனிக்காலத்தில் மேற்பகுதி மடிந்து, வேர் நிலத்துக்குள் ஓய்வெடுக்கும். மைனஸ் 20 பாகைக் குளிரையும் தாங்கும். வைகாசி, ஆனியில் பூத்து முடிந்ததும் அடியோடு வெட்டிவிட்டால் இன்னொரு தரமும் பூக்கும். நமக்கோ தை மாத இரவிலும் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த ஓய்வை எந்த எருவும் கொடுக்காது. நீர் வடியும் மண் வேண்டும் என்ற ஒன்றுதான் நம் மணலுக்குப் பொருந்தியது. வேரடியில் ஐஸ்கட்டி வைப்போமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அதை நான் கூட்டக்குறிப்பில் எழுதவில்லை.

ஒரே பருவத்தோடு முடியும் சாதாரணக் கோர்ன்பிளவர் வேறு இனம். விதைத்து இரண்டரை, மூன்று மாதத்தில் பூப்பது. மார்கழிக் கடைசியில் மழை ஓயும்போது சாடியில் போட்டால், வெயில் ஏறுமுன் நாலு பூவாவது பார்க்கலாம். உறுதி சொல்லமாட்டேன். நீலம்தான் வேண்டுமென்றால் வேலியில் காக்கணங்கொடி, அதாவது சங்குப்பூ, இருக்கிறது. வெயிலுக்கு அஞ்சாது, ஆண்டுக்கணக்கில் நிற்கும், அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்கும் நல்லது. அதை ஏன் நாம் பூவாகவே மதிப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் ஒரு விடயம். வெளிநாட்டு விதையைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். வரும் மாசிக் கூட்டத்துக்குக் காக்கணம் விதை கொண்டுவரக் கூடியவர்கள் என்னிடம் பெயரைத் தாருங்கள். சந்தா நிலுவை உள்ளவர்கள் அதையும் கையோடு கொண்டுவந்தால் சரி.

நன்றி.
செயலாளர்