செருகுநிரலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வடிவமைத்த வரைபடத்தை அப்படியே, உலாவியில் வரைபடம் காட்டும் ஓப்பன்லேயர்ஸ் லைப்ரரியில் இயங்கும் வலைப்பக்கமாக எழுதித் தரும் நம் செருகுநிரலின் நிலையான பதிப்பு வெளியாகிவிட்டது. வெளியீட்டுக் குறிப்பில் நன்றி சொல்ல ஒரு வரிதான் இடம் இருந்தது. அது போதாது என்பதால் இந்த மடல்.

"அப்படியே" என்று சொல்வது எளிது. மேசைக்கணினி மென்பொருளுக்குக் கோட்டின் தடிமன் மில்லிமீட்டரில், உலாவிக்குப் பிக்சலில். க்யூஜிஐஎஸ் தானாகப் போடும் 0.26 மி.மீ. கோடு உலாவியில் ஏறக்குறைய ஒரு பிக்சல். இதற்கு ஒரு பெருக்கல் போதும். ஆனால் அளவுகோல் விஷயம் அப்படி முடியாது. வலை வரைபடங்கள் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கிக் காட்டப் பயன்படுத்தும் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷனில், 60 டிகிரி அட்சரேகையில் தூரங்கள் இருமடங்காக நீண்டு தெரியும், அதனால் அதே ஜூமிலும் அளவுகோல் மாறிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள தரவை வைத்தே சோதித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. 1:50,000 அளவில் தோன்ற வேண்டிய லேயர் தனக்கு ஒரு ஜூம் தள்ளித்தான் வருகிறது என்று முதலில் எழுதியவர், வடகோடியில் வேலை செய்யும் ஒரு நிலவியலாளர்.

அவர் எழுதிய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முழுத் தரவையும் தூக்கி அனுப்பவில்லை. நாலே நாலு பலகோணங்கள் கொண்ட ஒரு சின்ன ஜியோபேக்கேஜ் (வரைபடத் தரவுக் கோப்பு), தன் க்யூஜிஐஎஸ் பதிப்பு எண், எந்த புரொஜெக்‌ஷன், எந்த வரிசையில் எதை அழுத்தினார், எதை எதிர்பார்த்தார், என்ன வந்தது. அவ்வளவுதான். படித்து முடிக்கும்போதே நிரலில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள் (அவர்களுக்கும் நன்றி, சொல்லாமல் போகிறவர்களைவிட மேல்). ஆனால் பிறர் நேரத்தை இப்படி மதித்து எழுதப்படும் ஒரு வழு அறிக்கை, என் கணக்கில், பாதித் திருத்தத்துக்குச் சமம்.

அட்சரேகை, தீர்க்கரேகை வரிசையைப் பொறுமையாக விளக்கியவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஜியோஜேசன் என்ற தரவு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில். சேவையகத்திடம் வரைபடப் படம் கேட்கும் டபிள்யூஎம்எஸ் நெறிமுறையின் 1.1.1 பதிப்பிலும் அப்படித்தான். அதே டபிள்யூஎம்எஸ் 1.3.0-க்கு வந்தால், இபிஎஸ்ஜி 4326-க்கு (வழக்கமான அட்ச, தீர்க்கரேகை ஆள்கூற்று முறையின் எண்) அட்சரேகை முதலில். மாற்றிப் போட்டுவிட்டால், தீர்க்கரேகை 90-ஐத் தாண்டும் இடங்களில் மென்பொருளே பெரும்பாலும் முரண்டு பிடிக்கும், நமக்கும் தெரிந்துவிடும். தாண்டாத இடங்களில்தான் வம்பு. புள்ளிகள் சத்தமில்லாமல் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம், நிரலைச் சீர்பார்த்தவர். ஏற்றுமதி வேலையைத் தனியே பின்னணிப் பணியாக ஓட்டினால்தான் க்யூஜிஐஎஸ் சாளரம் உறையாமல் இருக்கும் என்று விடாமல் நின்றார். சோதனை நிரல் இல்லாத எந்த மாற்றத்தையும் அவர் உள்ளே விடவில்லை. எனக்குப் பிடித்த இரண்டு வசதிகளை வெட்டச் சொன்னதும் அவர்தான். ஒன்றில் அவர் சொன்னதே சரி. இன்னொன்றைப் பற்றி நாங்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்ப் பெயர்களோடு சோதித்துப் பார்த்த நண்பர்களுக்கு ஒரு தனி வணக்கம். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தில் புலப்பெயருக்கு (அட்டவணை நெடுவரிசையின் பெயர்) இருப்பது 10 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் போய்விடும். துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். ஆக, "சாலை" என்ற பெயரே முழுதாக உள்ளே போகாது. ஜியோபேக்கேஜையே முதல் தேர்வாக வைத்தது உங்கள் பேச்சைக் கேட்டுத்தான். எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டும் வெப்ஜிஎல் (உலாவியில் கிராபிக்ஸ் சிப் வழியே வரையும் முறை) லைப்ரரிகளில் கொம்பு இடம் மாறி நிற்கும் என்று படம் பிடித்து அனுப்பியதும் நீங்கள்தான். ஓப்பன்லேயர்ஸில் புள்ளிகளின் பெயரை உலாவியின் எழுத்துப் பொறியே வரைந்துவிடுவதால் அந்தத் தலைவலி நமக்கு இல்லை.

நாம் நேரில் பார்க்காதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நம் செருகுநிரல் மேல்தோல் மட்டுமே. போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் உள்ள தரவை லினக்ஸில் பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கியதுதான் க்யூஜிஐஎஸ். ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் எழுதத் தொடங்கிய ஜிடால் இல்லாவிட்டால் பாதிக் கோப்புகளைத் திறக்கவே முடியாது. ஆள்கூறுகளை மாற்றித் தரும் புரோஜ் இன்னும் பழையது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தில் (யூஎஸ்ஜிஎஸ்) ஜெரால்ட் எவென்டன் 1980-களில் எழுதியது. இவற்றையெல்லாம் இன்று பராமரிப்பவர்களின் பெயர் பயனருக்குத் தெரிவதே இல்லை. நிதி கொடுக்க நினைப்பவர்கள் எங்களுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தத் திட்டங்களுக்குக் கொடுங்கள். ஏற்கெனவே எங்களுக்கு அனுப்பியவர்களுக்கு நன்றி. சோதனைச் சேவையகத்தின் வாடகைக்குப் பயன்பட்டது.

கையேடு எழுதியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், கையேட்டின் ஸ்கிரீன்ஷாட்களைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே இருந்தவர் எல்லோருடைய பெயரும் பங்களிப்பாளர் கோப்பில் இருக்கிறது. பெயர் வேண்டாம் என்றவர்களை விட்டிருக்கிறேன். யாராவது விடுபட்டிருந்தாலோ, பெயரின் எழுத்து தப்பாக இருந்தாலோ ஒரு வரி எழுதுங்கள், அடுத்த திருத்தப் பதிப்பில் சரிசெய்துவிடுகிறேன்.

அன்புடன்,
செருகுநிரலைப் பராமரிப்பவன்