முதலும் ஐந்தில் ஒரு பங்கும்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. வேலை, வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

போனில் கேட்டாயே, "ஆட்டு இரத்தம் கேட்கிற கடவுளை எப்படி அம்மா ஆராதிப்பது?" என்று. அன்று எனக்கு வாயடைத்துப்போனது. அப்புறம் பலிகளின் சட்டம் சொல்லும் லேவியராகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளை யோசித்துக் கேட்கிறானே என்று பெருமைதான். வேதத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாமே என்று கோபமும் வந்தது.

இரத்தத்துக்குப் பசித்தவர் ஏழையிடம் மாவை வாங்கிக்கொள்வாரா? தன் பாவத்துக்காக ஆட்டைப் பலியிட வழியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையாவது புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லையா, எப்பா என்கிற அந்தக் கால அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மா போதும், மன்னிப்பு உண்டு. ஐந்தாம் அதிகாரம், படித்துப் பார். குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்துக்கு எடுத்துப்போன மரியாளும் யோசேப்பும் கொடுத்ததும் ஏழைகளுக்கான புறாப் பலியைத்தான்.

ஆட்டைக் கொண்டுவந்தவன் எட்ட நின்று வேடிக்கை பார்க்க முடியாது. அதன் தலைமேல் கையை வைத்து, தானே அறுக்க வேண்டும். இரத்தத்தை ஆசாரியன் விரலில் தொட்டுப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசுவான். உள்ளங்கையில் அந்த உயிரின் சூடு பட்டவன், தன் பாவத்தைச் சின்ன விஷயம் என்று சொல்லத் துணிந்திருப்பானா?

நான் திரும்பத் திரும்பப் படித்தது ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத்தான். நம்பி ஒப்புவித்த பொருளில் ஒருவன் அயலானை வஞ்சித்தால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, பலியிடும் நாளிலேயே அதை உடையவர் கையில் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடாவும் வேண்டும்தான். ஆனால் கடாவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதால் கடன் தீர்ந்துவிடாது.

கி.பி. 70இல் ரோமர் ஆலயத்தை அழித்தார்கள், அங்கே பலியும் நின்றது. நமக்கோ அதற்கு முன்பே கிறிஸ்து ஒரே தரம் பலியாகிவிட்டார், காளைகளின் இரத்தத்தால் பாவம் நீங்காது என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. சரி, ஆட்டுக்கடாவுக்கு அவர் ஈடானார். அந்த முதலும் ஐந்தில் ஒரு பங்கும் என்ன ஆயிற்று? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்றவரும் அவர்தானே. அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வரி வசூலித்த சகேயு சொன்ன பிறகுதானே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார்.

போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் நீ திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. உனக்கு விசுவாசம் போய்விட்டது என்று அப்பா நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசுவாசம் போனவனுக்கு எழுந்து போய் வாங்கிக்கொள்வதில் என்ன தயக்கம்? நீ உட்கார்ந்திருந்தாய். எத்தனை பேர் இருந்தார்கள், நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டில் தனியாக நின்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை. அக்காவும் சொல்லுவாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டாள். அது உனக்கும் தெரியும்.

அக்கா மகளுக்கு அடுத்த மாதம் சபையில் திடப்படுத்தல் ஆராதனை. உனக்கு லீவு கிடைக்காவிட்டாலும் அக்காவிடம் நீயே பேசு. ஏதாவது அனுப்புவதானால் என் கணக்குக்கு வேண்டாம், அவள் கையில் சேரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா