இடப்பக்கத்துச் சாமான்கள்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

நீ இணையத்தில் வாங்கிய வண்டிச் சாமான்கள், முகவரியை மாற்றாமல் விட்டதால் காரைக்குடி வீட்டுக்கே வந்துவிட்டன. கிளட்ச் லீவர், கியர் லீவர், இடப்பக்கக் கண்ணாடி, இடப்பக்க ஃபுட்ரெஸ்ட், இவற்றோடு முன் டிஸ்க் பிரேக்குக்கு ஒரு ஜோடி பேட். முதல் நான்கும் ஒரே பக்கத்துச் சாமான்கள் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உன்னிடமும் அதைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. சில நாட்களாக நீ வீடியோவில் வராமல் குரலில் மட்டும் பேசுவதற்கு வேலைப்பளுதான் காரணம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடியையும் ஃபுட்ரெஸ்ட்டையும் இணையத்தில் வாங்கியதில் எனக்கு மறுப்பில்லை. ஷோரூமில் எம்.ஆர்.பி.யிலிருந்து ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள். ஸ்டாக் இல்லை, முன்பணம் கட்டிவிட்டுப் போங்கள் என்று அலைக்கழிப்பதும் உண்டு. ஆனால் பிரேக் பேட் அப்படிப்பட்ட பொருள் அல்ல. உரசித் தேயும் பாகத்தை இரும்புத் தகட்டில் ஒட்டியிருப்பதுதான் பேட். அந்த ஒட்டு நிற்குமா நிற்காதா என்பது கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, சூடேறிய நிலையில் நீ பிரேக்கை அழுத்தும்போதுதான் தெரியும். வந்திருக்கும் அட்டையில் கம்பெனிப் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பார்ட் நம்பர் மங்கியிருக்கிறது, தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

உன் வண்டி 2019 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. 2021 செப்டம்பரில் வந்த கிளாசிக் 350 பெயரில்தான் அதே வண்டி. இன்ஜினும் சேசிஸும் வேறு. இணையத்தில் விற்பவர்களில் பலர் ‘கிளாசிக் 350-க்குப் பொருந்தும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் சேசிஸ் நம்பரைச் சொன்னால், உன் வண்டிக்குரிய எண்ணைப் பார்த்து எடுத்துத் தருவார்கள். நாளைக்கு ஒன்று என்றால் பில்லைக் காட்டிக் கேட்கவும் ஓர் இடம் இருக்கும்.

14 வயதில் என் பழைய புல்லட்டின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவன் நீ. அதை இன்றும் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதையும் நீயே பார்த்துக்கொள்வாய் என்பதுதான் எனக்குப் பயம். லீவரை நீ மாற்றலாம். ஹேண்டில்பார் கோணியிருக்கிறதா, ஃபோர்க் குழாய் வளைந்திருக்கிறதா, டிஸ்க் கோட்டம் அடிக்கிறதா என்பவற்றையெல்லாம் கழற்றி அளந்து பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும். அதற்காகவாவது வண்டியை ஒரு முறை ஷோரூமில் விடு. விலைதான் தடை என்றால், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் மற்ற சாமான்களை எண் பார்த்து, பில் கேட்டு வாங்கிக்கொள். பேட் மட்டும் ஷோரூமில்தான் வாங்க வேண்டும். அதற்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். பில் இல்லாமல் எதையும் வாங்காதே.

நான்கு சாமான்களை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்; பேட்டை அனுப்பவில்லை. வண்டியைச் சரிபார்த்து வாங்கும் வரை மெட்ரோவிலேயே அலுவலகம் போய் வா. பார்சல் கிடைத்ததும் அம்மாவிடம் வீடியோவில் பேசு, இடது கையையும் காட்டிப் பேசு. ஷோரூம் பில்லை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா