வாசுவுக்கு ஒரு புலம்பல்

வாசு,

போன்ல சொன்னா நடுவுல நீ பூந்து பேசிடுவ, அதான் எழுதுறேன். இங்க எல்லாரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, தாடிக்காரருக்குக் கேட்ட ஊருக்கே டிரான்ஸ்ஃபர் (பந்தயத்துல நீ ஜெயிச்சுட்ட, வடை உண்டு).

எட்டாங்கிளாஸ்ல ஒரு விளையாட்டு வெச்சேன்டி. நான் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொல்லுவேன், சட்டுனு மனசுல என்ன வருதோ அதை எழுதணும். 1910லயே கென்ட், ரோசனாஃப்னு ரெண்டு மனநல ஆராய்ச்சிக்காரங்க நூறு வார்த்தைய வெச்சு ஆயிரம் பேர்கிட்ட கேட்டதுதான், பி.எட்ல வந்துச்சு, நீ தூங்கிட்டிருந்த. 'டேபிள்'னதும் எல்லாம் 'சேர்'னு எழுதிடுச்சுங்க. 'ஃபெதர்'னு சொன்னேன் பாரு, 'ஃபாதர்', 'வெதர்', ஒருத்தன் 'லெதர்'! சிரிச்சுட்டேன், ஆனா அதே பசங்கதானே? நல்லாத் தெரிஞ்ச வார்த்தைய அர்த்தத்தோட சேத்து வெச்சிருக்காங்க, அரைகுறையாத் தெரிஞ்சத சத்தத்தோட. லண்டன்ல பால் மீரான்னு ஒருத்தர் ஃப்ரெஞ்ச் கத்துக்கிட்ட இங்கிலீஷ்காரப் பசங்ககிட்ட இதையே பாத்திருக்கார், அதனால நம்ம பசங்கள மக்குன்னு சொல்றவங்க கொஞ்சம் வாய மூடலாம்.

நிறைய பேர் பதிலைத் தமிழ்லயே எழுதிட்டாங்க. அதுக்கும் க்ரோல், ஸ்டூவர்ட்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 1994ல ஒரு விளக்கம் சொன்னாங்க: புதுசா கத்துக்கிறவனுக்கு இங்கிலீஷ் வார்த்தைலேருந்து அர்த்தத்துக்கு நேர் பஸ் கிடையாது, தாய்மொழில இறங்கி மாறித்தான் போகணும், பழகப் பழகத்தான் நேர் ரூட்டு. இதை மறுத்தும் ஆளுங்க எழுதியிருக்காங்க, இருந்தாலும் என் கிளாஸப் பாத்தா எனக்கு நம்பத் தோணுது.

'ஸ்மோக்'குக்கு எல்லாரும் 'ஜோக்', 'கோக்'னு கிறுக்கியிருக்க, கடைசி பெஞ்ச்ல வாயே திறக்காத ஒரு பொண்ணு மட்டும் 'சூளை, அப்பா'ன்னு எழுதியிருந்தா. செங்கல் சூளைல வேலை பாக்குறார் அவ அப்பா. டிக்டேஷன்ல அவளுக்கு எப்பவும் முட்டைதான் வாசு. அந்த வார்த்தை அவகிட்ட எவ்வளவு ஆழமா இருக்குன்னு எந்தப் பரிட்சைல கேக்குறோம், சொல்லு?

இந்த நேரத்துல பாத்து மேலேருந்து உத்தரவு, தினம் பத்து வார்த்தை, ஒரே வகையா, இன்னைக்குக் காய்கறி பூரா, நாளைக்கு சொந்தக்காரங்க பூரா. ஒரே ஜாதி வார்த்தைங்கள மொத்தமா ஊட்டுனா ஒண்ணோட ஒண்ணு குழம்பும்னு 1990கள்லயே டிங்க்கம்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் சோதிச்சுக் காட்டிட்டார், சந்தை, தராசு, பேரம், அழுகலுன்னு ஒரு சம்பவமா சேத்துக் குடுத்தா சுலபமா நிக்கும். மீட்டிங்ல சொன்னேன், "டீச்சர், சார்ட் ரெடியா?"ன்னாங்க. நீயும் அந்தக் கலர் சார்ட் கோஷ்டிதானே, துரோகி.

உன் கிளாஸ்லயும் 'ஃபெதர்', 'ஸ்மோக்' ரெண்டையும் கேட்டுப் பாரு, பேப்பரத் திருத்தாம அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு. அடுத்த மீட்டிங்ல எனக்கு ஆள் பலம் வேணும்.

உன்
மல்லி